டை வெட்டவில்லை, பேப்பர் சுருள்கிறது, பார்சல் வளைந்து வந்தது: ஸ்கிராப்புக் மேசைக்கும் ஆன்லைன் கடைக்குமான பிழை நீக்கும் வழிமுறை

ஸ்கிராப்புக் (போட்டோ ஒட்டி, பேப்பர் வேலையால் அலங்கரிக்கும் ஆல்பம்) பொருட்கள் விற்கும் எங்கள் ஆன்லைன் கடையின் வாட்ஸ்அப்புக்கு வரும் புகார்களில் புதுசு என்று எதுவும் அதிகம் கிடையாது. ஆள் மாறும், பிரச்சினை அதேதான். பதிலும் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில். வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள். புது மெஷின் விலை விசாரிக்கிறவர்களில் பலர் கையில் இருக்கும் மெஷினின் பிளேட்டைத் (டை என்ற உலோக வெட்டு அச்சையும் பேப்பரையும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் பலகை) திருப்பிப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் பாதி கைவேலை செய்பவர்களுக்கு, இரண்டாம் பாதி என்னைப் போல வீட்டிலிருந்தே கடை நடத்துபவர்களுக்கு.

## அறிகுறி: டை பேப்பரை முழுசாக வெட்டவில்லை

கைப்பிடியைச் சுற்றி ரோலருக்குள் தள்ளும் மெஷின்களுக்கானது இது. கரன்டில் ஓடி, மென்பொருள் சொல்படி சின்ன பிளேடால் வெட்டும் கிரிக்கட், சில்ஹவுட் வகை அடுத்த பகுதியில்.

### எங்குமே வெட்டவில்லை, அழுத்தின தடம் மட்டும் தெரிகிறது

டையை விரலால் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறு பக்கம் வரம்பு போல எழும்பிக் கூராக இருக்கும். கூரான பக்கம் பேப்பரைப் பார்க்க வேண்டும். மெல்லிய டைகளில் இது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

அது சரி என்றால் அடுக்கு வரிசையைப் பாருங்கள். எம்பாசிங் ஃபோல்டருக்கு (பேப்பரில் புடைப்பு வடிவம் பதிக்கும் மடிப்புத் தகடு) ஒரு அடுக்கு, டைக்கு வேறு அடுக்கு. மெஷினுக்கு மெஷின் இது மாறும். யூடியூபில் பார்த்தவர் வைத்திருப்பது வேறு மாடலாக இருக்கலாம். உங்கள் பெட்டியில் வந்த தாளில் உள்ள படம்தான் கணக்கு.

மூன்றாவது, பேப்பர். அதே டையை ஜெராக்ஸ் எடுக்கும் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் வைத்து ஓட்டுங்கள். அது சுத்தமாக வெட்டினால் மெஷினும் டையும் நன்றாக இருக்கின்றன, உங்கள் அட்டைதான் தடிமன். 300 ஜிஎஸ்எம் அட்டைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை ஓட்டினால் போதும். கிளிட்டர் அட்டையை முதுகுப் பக்கமாக வெட்டுங்கள். மினுக்குத் துகள் கூர்முனையை மழுக்கிவிடும். எழுத்து டை என்றால் முதுகுப் பக்கம் வெட்டும்போது எழுத்து திரும்பிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

### ஒரு இடத்தில் மட்டும் வெட்டாமல் நிற்கிறது

மெஷினா, பிளேட்டா, டையா என்று பிரித்துச் சொல்லும் சோதனை இது. ஒரே தாளை எடுத்துக்கொண்டு மூன்று முறை வெட்டுங்கள்.

1. வழக்கம்போல வெட்டுங்கள். வெட்டாத இடம் டையின் எந்த மூலையில் வருகிறது, பிளேட்டின் எந்தப் பக்கம் வருகிறது என்று பென்சிலால் குறியுங்கள்.
2. டையை மட்டும் 180 டிகிரி திருப்பி, பிளேட்டின் அதே இடத்தில் வைத்து வெட்டுங்கள். வெட்டாத இடம் டையோடு சேர்ந்து நகர்ந்தால் குறை டையில். பழைய இடத்திலேயே நின்றால் அடுத்த படி.
3. இப்போது பிளேட்டுகளை 180 டிகிரி திருப்புங்கள். வெட்டாத இடம் பிளேட்டோடு நகர்ந்தால் குறை பிளேட்டில். அசையாமல் அதே பக்கம் நின்றால் குறை ரோலரில்.

டையில் குறை என்றால், கூர்முனைப் பள்ளத்தில் பழைய பேப்பர் துணுக்கு அடைத்திருக்கிறதா என்று பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். வளைந்த டை என்றால் மேலும் கீழும் பிளேட் வைத்து, பேப்பர் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். புது டையிலேயே இப்படி இருந்தால் வாங்கின இடத்துக்கு மூன்று துண்டுகளின் படத்தையும் அனுப்புங்கள். கடைக்காரர் மறுக்க முடியாத சாட்சி அது.

### ஓரம் வெட்டுகிறது, நடு வெட்டவில்லை

பிளேட் குழிந்திருக்கிறது. தினமும் ஒரே பக்கத்தை மேலே வைத்து, ஒரே இடத்தில் டையைப் போட்டு வெட்டினால் எந்த பிளேட்டும் வில்லாக வளையும். வரிசை இதுதான்:

- பிளேட்டைத் தலைகீழாகப் போடுங்கள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் திருப்பிப் போடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பிளேட் நீண்ட நாள் வரும்.
- டையை நேர்கோட்டில் வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். சதுர டையின் ஒரு முழு விளிம்பு மொத்தமாக ரோலருக்குள் நுழைவதை விட ஒரு மூலை முதலில் நுழைவது மெஷினுக்கும் நல்லது, கைக்கும் நல்லது.
- வெட்டாத இடத்துக்கு நேர் கீழே ஒரு ஏ4 தாளை அளவாக வெட்டி வையுங்கள். இதற்கு ஷிம் என்று பெயர். போதவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது. அதற்கு மேல் அடுக்காதீர்கள். பேப்பருக்குப் பதிலாகப் பல்சக்கரம் வெட்டுப்படும்.
- மெல்லிய உலோக ஷிம் தகடு. நுணுக்கமான பூவேலை டை நிறைய வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படும்.
- புது பிளேட் ஜோடி. இது நுகர்பொருள்தான். பிளேட்டில் கீறல் விழுவது குறையல்ல, வளைவதும் பிளப்பதும்தான் குறை.

### வெட்டின பூ டையை விட்டு வர மாட்டேன் என்கிறது

டைக்கும் பேப்பருக்கும் நடுவே சமையலறை பட்டர் பேப்பர் ஒரு துண்டு வையுங்கள். டையின் முதுகில் சின்னத் துளைகள் இருக்கும், ஊசியால் அங்கே குத்தித் தள்ளுங்கள். முடிந்தது.

### எப்போது நிறுத்த வேண்டும்

பிளேட் படபடவென்று நொறுங்குவது போலச் சத்தம் போடுவது இயல்பு. கைப்பிடி சுற்றும்போது ரோலர் நின்று நின்று ஓடுவது, ‘கடக்’ என்று பல் தாவுவது, பக்கச் சுவரில் மயிரிழை விரிசல் தெரிவது: இதில் எது வந்தாலும் ஓட்டாதீர்கள். வாரன்டி இருந்தால் திறக்காமல் பில்லோடு விற்றவரிடம் போங்கள். வாரன்டி முடிந்து பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருந்தால், என் அபிப்பிராயத்தில் அதைப் பழுதுபார்க்க அலைவதை விட மெஷினை மாற்றுவது மலிவு. பாகம் கிடைப்பது அத்தனை சிரமம்.

## அறிகுறி: கிரிக்கட் வகை மெஷின் பேப்பரைக் கிழிக்கிறது

பிளேடு தேய்ந்துவிட்டது என்று எல்லோரும் முதலில் பிளேடைத்தான் வாங்குவார்கள். அது நான்காவதாக வர வேண்டியது.

முதலில் மேட், அதாவது தாளை ஒட்டிவைத்து மெஷினுக்குள் விடும் பசை விரிப்பு. ஒரு தாளை ஒட்டி, மேட்டைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுங்கள். தாளின் மூலை எழும்பினால் அதுதான் காரணம். பிளேடு இழுக்கும்போது தாள் நகர்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் விட்டு மிருதுவாகத் தேய்த்து, துணியால் துடைக்காமல் நிழலில் காயவிட்டால் ஒட்டுத்தன்மை ஓரளவு திரும்பும். அவசரம் என்றால் தாளின் நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப். கிரிக்கட்டில் நீல மேட் மெல்லிய தாளுக்கு, பச்சை மேட் சாதாரண அட்டைக்கு, ஊதா கனமான பொருளுக்கு. மெல்லிய தாளைப் பச்சை மேட்டில் ஒட்டிவிட்டு, எடுக்கும்போது கிழிகிறது என்று வரும் புகார் தனி ரகம். தாளை மேட்டிலிருந்து உரிக்காதீர்கள். மேட்டைக் கவிழ்த்து, தாள் மேசையில் படுத்திருக்க, மேட்டை வளைத்து உரியுங்கள்.

இரண்டாவது, பிளேடு முனையில் சிக்கின துணுக்கு. மெஷினை அணைத்து, பிளேடை வெளியே எடுத்து, அலுமினிய ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி, அதில் முனையைப் பலமுறை குத்தி எடுங்கள்.

மூன்றாவது, மென்பொருளில் தேர்ந்தெடுத்த பொருள். 120 ஜிஎஸ்எம் டிசைன் தாளுக்கு கனமான கார்டு ஸ்டாக் (தடித்த அட்டைத் தாள்) அமைப்பைக் கொடுத்தால் கிழியத்தான் செய்யும். ஒரு ஓரத்தில் ஒரு அங்குல சதுரம் வெட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய வேலையைத் தொடங்குங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் வளைவுகளில் மட்டும் பிசிறு வந்தால் இப்போது பிளேடு வாங்குங்கள். புது பிளேடிலும் நேர்கோடு படிக்கட்டுப் படிக்கட்டாக வந்தால் பெல்ட் அல்லது பிளேடு வண்டியில் பிரச்சினை. சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

## அறிகுறி: பேப்பர் சுருள்கிறது, பக்கம் அலை அலையாக நிற்கிறது

ஒரே கேள்வி: பசை தடவும் முன்பே சுருள்கிறதா, தடவிய பிறகா?

### தடவும் முன்பே

ஈரம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் திறந்த ஷெல்ஃபில் வைத்த தாள் எதுவும் நேராக நிற்காது. ஒரு பக்கம் மட்டும் பளபளப்புப் பூச்சு உள்ள தாள் இன்னும் மோசம். பூச்சில்லாத பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மறுபக்கம் விரியாது.

தாள்களைப் பிரித்து ஃபேனுக்கடியில் சிறிது நேரம் விட்டு, பிறகு இரண்டு தட்டையான பலகைக்கு நடுவில் கனம் வைத்து ஒரு இரவு விடுங்கள். அதன் பிறகு மூடி இறுக்கமான பெட்டியில், படுக்கைவசமாக, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு மணிகள் வாங்குங்கள். ஈரம் குடித்து முடித்ததும் பச்சையாகும், சூடாக்கினால் பழையபடி வரும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதைச் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்க வேண்டாம். கற்பூரம், நாப்தலின் உருண்டையெல்லாம் பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு உதவாது. தாளில் ராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரிந்தால் அந்தப் பெட்டியை மொத்தமாகக் காலி செய்து துடைத்த பிறகுதான் புது சரக்கு.

### தடவிய பிறகு

பசையில் உள்ள தண்ணீர். பள்ளிக்கூட வெள்ளைப் பசை எதுவானாலும் தண்ணீர் கலந்ததுதான், தாளை ஊறவைத்துத்தான் ஒட்டும். அட்டைக்கு அது தாங்கும், டிசைன் தாளுக்குத் தாங்காது. அதே பசையையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால், மெல்லிய முனை வைத்த பாட்டிலில் ஊற்றி ஓரங்களில் கோடாக மட்டும் விடுங்கள், நடுவில் பூசாதீர்கள். அடுத்த படி டபுள் சைடு டேப் அல்லது டேப் ரன்னர் (இழுத்தால் பசைக் கோடு விடும் கைக்கருவி). முழுப் பக்கமும் ஒட்ட வேண்டிய வேலைக்கு இரட்டைப் பக்கப் பசைத்தாள். விலை கூடுதல்தான், ஆனால் ஆல்பம் போன்ற, வருடக்கணக்கில் வைக்கும் பொருளுக்கு அதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

ஏற்கெனவே அலையாகிவிட்ட பக்கத்தை முழுசாக நேராக்க முடியாது. அதன் முதுகில் அதே அளவு தாளை அதே பசையில் ஒட்டினால் இழுவிசை இரு பக்கமும் சமமாகும். பெரும்பாலும் பார்க்கும்படி ஆகிவிடும்.

### மடிக்கும் இடத்தில் வெள்ளையாக வெடிக்கிறது

இது சுருளல் இல்லை என்றாலும் இதே பேச்சில் வரும். மடிக்கும் முன் எழுதாத பேனா முனையாலோ போன் ஃபோல்டராலோ (மடிப்பை அழுத்தும் எலும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டை) கோடு கீறுங்கள். அப்படியும் வெடித்தால் தாளின் இழை ஓட்டத்துக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள். தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும் திசையில் மடியுங்கள். நடு வெள்ளையாக இருக்கும் அட்டையில் எப்படி மடித்தாலும் கொஞ்சம் தெரியும். முழுதும் ஒரே நிறமாக ஊறின அட்டையை வாங்குங்கள்.

## அறிகுறி: ஒட்டினது விழுகிறது

கை எண்ணெய், தூசி, கிளிட்டர் துகள்: பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். டேப் ஒட்டின பிறகு அழுத்தித் தேய்த்தீர்களா? வெறுமனே வைப்பது போதாது. ஹாட் க்ளூ கன்னால் ஒட்டின மணியும் பட்டனும் சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் இளகிக் கழன்றுவிடும். விற்பனைக்குப் போகும் ஆல்பத்தில் அதைப் பயன்படுத்த வேண்டாம். உலோகத் துணுக்குகளுக்குக் கண்ணாடி போலக் காயும் கிராஃப்ட் பசை, ஒரு இரவு காயவிட வேண்டும்.

## அறிகுறி: ஸ்டாம்ப் திட்டுத் திட்டாகப் பதிகிறது

புது கிளியர் ஸ்டாம்பின் (கண்ணாடி போலத் தெரியும் அச்சு முத்திரை) மேல் எண்ணெய் போல ஒரு படலம் இருக்கும். மை உருண்டு உருண்டு நிற்கும். பென்சில் ரப்பரால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டு, அதே மையில் நாலைந்து முறை குப்பைத் தாளில் பதியுங்கள். இன்னும் திட்டு இருந்தால் தாளுக்கடியில் மெல்லிய ஃபோம் ஷீட் வையுங்கள், மேசை சமமாக இருக்காது. கடைசியாகத்தான் மைப் பேடு.

எம்பாசிங் பவுடர் (ஈர மையின் மேல் தூவிச் சூடாக்கினால் புடைத்து நிற்கும் பொடி) வேண்டாத இடத்தில் எல்லாம் புள்ளி புள்ளியாக ஒட்டினால், ஸ்டாம்ப் வைக்கும் முன் தாளின் மேல் துளி முகப் பவுடரைத் துணியில் தொட்டுத் தட்டித் துடையுங்கள். ஆன்டி ஸ்டேட்டிக் பை என்று விற்கப்படுவதும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது.

## அறிகுறி: வெளிநாட்டிலிருந்து வந்த ஹீட் கன் ஒரே நிமிடத்தில் போய்விட்டது

ஹீட் கன் என்பது எம்பாசிங் பவுடரை உருக்கும் சூடான காற்றுக் கருவி. அமெரிக்காவிலிருந்து அத்தை, சித்தப்பா கொண்டுவந்தது என்றால் சொருகும் முன் அடிப்பக்க லேபிளைப் படியுங்கள். 120V என்று மட்டும் போட்டிருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் அது எரியும். ஊசி மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் ஹீட் கன்னின் வாட்ஸை விடக் கூடுதல் திறன் உள்ளதாக. 100–240V என்று போட்டிருந்தால் கவலை இல்லை. கட்டிங் மெஷின்களின் அடாப்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

புகையோ கருகின வாசனையோ வந்த ஹீட் கன்னை மறுபடி சொருகிப் பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், அல்லது தூக்கிப் போடுங்கள். இந்தியாவில் விற்கும் புது ஹீட் கன்னை விட டிரான்ஸ்ஃபார்மர் விலை கூடிவிடுவதும் உண்டு, விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

## அறிகுறி: ஆல்பத்தில் போட்டோ மஞ்சளாகிறது, ஒட்டிக்கொள்கிறது

பிளாஸ்டிக் உறையை முகர்ந்து பாருங்கள். புது ரெக்ஸின், புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அது பிவிசியாக இருக்கலாம். போட்டோவை அதிலிருந்து எடுத்து பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். பின்னால் இருக்கும் அட்டை பழுப்பேறியிருந்தால் அது அமிலம் உள்ள தாள். ஆசிட் ஃப்ரீ (அமிலமில்லாதது), லிக்னின் ஃப்ரீ (தாளை மஞ்சளாக்கும் மரப்பொருள் இல்லாதது) என்று இரண்டும் போட்டிருக்கும் அட்டை வாங்குங்கள், ஒன்று மட்டும் போதாது.

ஒட்டும் கோடுகள் போட்ட பழைய ரக ஆல்பத்தில் போட்டோ சிக்கிக்கொண்டால், பல்லிடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலை போட்டோவுக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு ரம்பம் போல மெதுவாக இழுங்கள். வளைக்கவோ, ஹேர் டிரையர் காட்டவோ அவசரப்படாதீர்கள். எதைச் செய்யும் முன்னும் இருக்கிற நிலையிலேயே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டின ஒற்றைப் பிரதி, தாத்தா பாட்டி கல்யாணப் படம் மாதிரி என்றால், கண்ணாடி வழியாகவே படம் எடுத்துவிட்டு நிறுத்துங்கள். பழைய படங்களை மீட்டெடுப்பவரிடம் போக வேண்டிய இடம் அது. வீட்டு இங்க்ஜெட் பிரின்டில் தண்ணீர் பட்டால் சாயம் ஓடிவிடும், ஊறவைத்துப் பிரிக்கும் யோசனையே வேண்டாம்.

# இனி கடைப் பக்கம்

## அறிகுறி: "பேப்பர் வளைஞ்சு வந்துருக்கு அக்கா"

உடனே மன்னிப்பும் பணமும் அனுப்பும் முன் மூன்று படம் கேளுங்கள்: வெளிக் கவர் முன்பக்கம், மூலைகள், உள்ளே தாள்.

வெளியே சேதமில்லை, உள்ளே வளைந்திருக்கிறது: பேக்கிங் தளர்வு. தாள் உள்ளே ஆடியிருக்கிறது. தாளை ஓபிபி கவரில் (மெல்லிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறை) போட்டு, அந்தக் கவரை அட்டையோடு டேப் போட்டு நிறுத்துங்கள்.

மூலை மட்டும் நசுங்கியிருக்கிறது: கீழே விழுந்திருக்கிறது. அட்டை தாளை விட ஒவ்வொரு பக்கமும் அரை சென்டிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும். 12 அங்குலத் தாள் என்றால் 30.5 செ.மீ, அட்டை 31.5.

மொத்தமாக வில் போல வளைந்திருக்கிறது: பையில் திணித்திருக்கிறார்கள், அல்லது ஆள் இல்லாத வீட்டில் கேட் இடுக்கில் சொருகியிருக்கிறார்கள். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. இரண்டு நெளிவு அட்டைகளையும் ஒரே திசையில் வைக்காதீர்கள். ஒன்றின் நெளிவு மேலிருந்து கீழ், மற்றதன் நெளிவு இடமிருந்து வலம். தாள் நடுவில். அப்படி வைத்தால் எந்தப் பக்கமும் மடங்காது. ஒரே அட்டையைத் தடிமனாக வாங்குவதை விட இது மலிவு. பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் அட்டையை அளவு சொல்லி வெட்டி வாங்கலாம். ‘வளைக்காதீர்கள்’ ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரே ஊருக்குப் போகும் பார்சல்கள் மட்டும் வளைந்தால் கூரியரை மாற்றுங்கள்.

பசை பாட்டில் கசிந்த புகார் என்றால், மூடியைத் திறந்து வாயில் சீல் போட்டு, மூடி மேல் எலக்ட்ரிக்கல் டேப் சுற்றி, தனி ஜிப் கவரில் போட்டு, தாள் இருக்கும் பெட்டியில் வைக்காமல் அனுப்புங்கள். ஆல்கஹால் இங்க், ஸ்ப்ரே பசை இரண்டும் எரியக்கூடியவை. விமானத்தில் போகும் பார்சலில் வைக்கக் கூடாது. தரைவழி எடுப்பவரிடம் உள்ளே இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

## அறிகுறி: எடை 450 கிராம், கூரியர் பில் 2 கிலோவுக்கு

புதுக் கடைகளின் லாபம் காணாமல் போகும் இடம் இதுதான். கூரியர் எடுப்பது நிஜ எடை, கொள்ளளவு எடை (பார்சல் அடைக்கும் இடத்தின் கணக்கு) இரண்டில் எது கூடுதலோ அது. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் கிலோ. சில நிறுவனங்கள் 4500, 4000 என்றும் வகுக்கும், உங்கள் ஒப்பந்தத்தில் எது என்று பாருங்கள்.

12 அங்குல கார்டு ஸ்டாக் 250 ஜிஎஸ்எம்மில் 15 தாள் சுமார் 350 கிராம். பேக்கிங்கோடு 450 என்று வைத்துக்கொள்வோம். கையில் இருந்த 36 × 36 × 6 பெட்டியில் போட்டால்: 7776 ÷ 5000 = 1.56 கிலோ. அரைக் கிலோ படிகளில் கணக்கிடும் கூரியரில் அது 2 கிலோ பில். அதே தாளை 32 × 32 × 2 அட்டை உறையில் போட்டால்: 2048 ÷ 5000 = 0.41. பில் அரைக் கிலோ.

பார்க்க வேண்டிய வரிசை:

- தளத்தில் அந்தப் பொருளுக்கு நீள அகல உயரம் நிரப்பியிருக்கிறீர்களா? காலியாக விட்டால் ஏதோ ஒரு இயல்பு அளவு போகும்.
- பெட்டி உப்பியிருக்கிறதா? பபிள் ராப் அதிகமாகி உயரம் 2 செ.மீ.யிலிருந்து 4 ஆனால் கொள்ளளவு எடை இரட்டிப்பு. கூரியர் அளப்பது உப்பின இடத்தை.
- பில் தவறு என்று உறுதியானால் ஆட்சேபம் போடுங்கள். அதற்கு நாள் கெடு உண்டு, தாண்டினால் பணம் போனதுதான். ஒவ்வொரு பார்சலையும் லேபிள் தெரியும்படி தராசின் மேல் வைத்து ஒரு படம், டேப்பால் அளந்து ஒரு படம். படம் இல்லாமல் போட்ட ஆட்சேபம் பெரும்பாலும் தோற்கும்.

## அறிகுறி: வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டார், ஆர்டர் வரவில்லை

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருள் அனுப்பாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது சுலபம். 12 இலக்க யுபிஐ குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) பக்கத்தில் தேடுங்கள்.

அங்கே வெற்றி என்று இருக்கிறது, தளத்தில் நிலுவை என்று இருக்கிறது: கேட்வே உங்கள் தளத்துக்கு அனுப்பின செய்தி வந்து சேரவில்லை. எஸ்எஸ்எல் (தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்) காலாவதியா, சமீபத்தில் ஏதாவது பிளகின் (தளத்தில் சேர்த்த துணை மென்பொருள்) புதுப்பித்தீர்களா, வெப்ஹுக் முகவரி (கேட்வே செய்தி அனுப்பும் முகவரி) மாறியதா என்று பாருங்கள். இப்போதைக்கு அந்த ஆர்டரைக் கையால் உறுதி செய்து அனுப்பிவிடுங்கள். அன்றே இன்னொன்றும் இப்படி வந்தால் டெவலப்பரைக் கூப்பிடுங்கள். தளத்தின் நிரலை நீங்களே தொட வேண்டாம்.

அங்கே தோல்வி என்று இருக்கிறது: பணம் உங்களிடம் இல்லை, வங்கிகளுக்கிடையே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி வராத யுபிஐ தொகை, பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லி, வங்கியில் புகார் பதியச் சொல்லுங்கள். நீங்கள் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தால் அவருக்கு இரண்டு முறை போகும்.

அங்கே எதுவுமே இல்லை: பணம் வேறு எங்கோ போயிருக்கிறது. பெரும்பாலும் உங்கள் பழைய க்யூஆர் கோடுக்கு. வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

## அறிகுறி: கேஷ் ஆன் டெலிவரி பார்சல் திரும்பித் திரும்பி வருகிறது

முதலில் ஆர்டர் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் முகவரி உறுதி செய்யுங்கள். பதில் வராத ஆர்டரை அனுப்ப வேண்டாம். அடுத்து, அனுப்பும் செலவை மட்டும் முன்பணமாக வாங்குங்கள். கூரியர் இரு வழிக் கட்டணமும் உங்களிடம்தான் எடுக்கும், அதில் போகும் வழிக் கட்டணமாவது கையை விட்டுப் போகாது. அதன் பிறகும் ஒரு குறிப்பிட்ட பின்கோடிலிருந்து தொடர்ந்து திரும்பினால் அந்தப் பின்கோடுக்கு மட்டும் இந்த வசதியை நிறுத்துங்கள்.

## அறிகுறி: தளத்தில் இருப்பு 3, ஷெல்ஃபில் ஒன்றும் இல்லை

தனித் தாளாகவும் 6 தாள் செட்டாகவும் ஒரே பொருளை விற்கிறீர்களா? செட் விற்றால் தனித் தாள் எண்ணிக்கை குறையும்படி இணைத்திருக்க வேண்டும். கண்காட்சியில் விற்றதை அன்றிரவே கழித்தீர்களா? இரண்டு தளத்தில் ஒரே சரக்கைப் போட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் முழு எண்ணிக்கையைக் காட்டாமல் பிரித்துக் காட்டுங்கள். இருப்பு மென்பொருள் வாங்குவது இவை மூன்றுக்கும் பிறகு.

## அறிகுறி: "படத்துல பேபி பிங்க், வந்தது மெஜந்தா"

டியூப் லைட்டில் எடுத்த படம். ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாமல், வெள்ளைத் தாளின் மேல் வைத்து எடுங்கள். அந்த வெள்ளை படத்திலும் வெள்ளையாகத் தெரிய வேண்டும். வாடிக்கையாளரின் போனில் இரவு நேர மஞ்சள் திரை போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். தாள் அச்சாகும் ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் அச்சான தொகுதி) நிறம் லேசாக மாறும். ஒரே ஆர்டரில் இரண்டு லாட்டைக் கலக்காதீர்கள்.

## அறிகுறி: வெளிமாநில ஆர்டர் வருகிறது, ஜிஎஸ்டி எண் இல்லை

சோதனை எதுவும் இல்லை, நேராக ஆடிட்டர். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது மாநிலத்துக்குள் விற்கும்போது. வரிக்குரிய பொருளை மாநிலம் தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு தேவை என்பது பொது விதி. கையால் செய்த சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. கார்டு ஸ்டாக்கையும் டையையும் வாங்கி விற்பவருக்கு அது பொருந்தாது. ஆல்பம் செய்தும் விற்று, தாளையும் விற்கிறீர்கள் என்றால் ஆடிட்டரிடம் இரண்டு பட்டியலையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போங்கள். பதில் வரும் வரை தளத்தில் அனுப்பும் இடங்களைத் தமிழ்நாடு மட்டும் என்று மாற்றி வையுங்கள்.